இடைக்காலச் சிற்றரசர் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையை மதிப்பிடுதல்: வேலூர் சின்ன பொம்மு நாயக்கர்

கலைக்களஞ்சியக் கட்டுரை மதிப்பீடு என்பது, ஒரு கட்டுரையை எழுதாத வேறொருவர் அதை வரிவரியாகப் படித்து, அதிலுள்ள செய்திகள் சான்றோடு ஒத்துப்போகின்றனவா, தேவையானவை விடுபட்டுள்ளனவா, நடுநிலையாக எழுதப்பட்டுள்ளதா எனச் சோதித்துக் குறிப்பெழுதும் பணியாகும். அச்சுக் காலத்தில் இப்பணியைப் பதிப்புக் குழு செய்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்துக்குப் பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்தார். துறை அறிஞர் எழுதியது பதிப்புக் குழுவின் கையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போனது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா போன்ற திறந்த களஞ்சியங்களில் எழுதுபவரும் திருத்துபவரும் வாசகரே. எனவே மதிப்பிடுபவரும் வாசகராகவே இருக்க வேண்டியுள்ளது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் நல்ல கட்டுரை என்ற தகுதிக்கு ஆறு அளவுகோல்கள் உள்ளன. நடை தெளிவாக இருக்க வேண்டும், செய்திகள் மெய்யறிதன்மை உடையனவாகவும் சொந்த ஆய்வு கலவாமலும் இருக்க வேண்டும், பொருளின் முக்கியப் பகுதிகள் அனைத்தும் இடம்பெற வேண்டும், நடுநிலை வேண்டும், நாள்தோறும் மாறாத நிலைத்தன்மை வேண்டும், பொருத்தமான படங்கள் வேண்டும். சொல்லும்போது எளிதாக இருக்கும் இவை, இடைக்காலத்து மனிதர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பில் கைவைக்கும்போது கடினமாகின்றன. அங்கிலத்தில் இவ்வகை மதிப்பீடுகள் பெரும்பாலும் இடைக்கால இங்கிலாந்தின் பிரபுக்களைப் பற்றிய கட்டுரைகளில் நடந்து பழகியவை. தமிழகத்தில் அதற்கு இணையாக எடுத்துக்கொள்ளத்தக்கவர் வேலூரை ஆண்ட சின்ன பொம்மு நாயக்கர். விசயநகரப் பேரரசின் கீழ் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர் பெயர், வேலூர்க் கோட்டையைப் பார்க்கவரும் ஒவ்வொரு பள்ளிச் சுற்றுலாவிலும் சொல்லப்படுகிறது. சொல்லப்படும் செய்திகளில் எத்தனை கல்லில் உள்ளவை, எத்தனை வாய்வழி வந்தவை என்பதுதான் கேள்வி.

முதலில் சான்றுகளை எண்ணுதல்

மதிப்பிடுபவர் கட்டுரையைத் திறக்கும் முன், அந்த மனிதரைப் பற்றி உலகில் என்னென்ன சான்றுகள் உள்ளன என்று தெரிந்துகொள்வது நல்லது. சின்ன பொம்மு நாயக்கரைப் பொறுத்தவரை முதன்மைச் சான்றுகள் சிலவே.

முதலாவது, வேலூர்க் கோட்டைக்குள் உள்ள சிவன் கோயிலின் கல்வெட்டுகள். இவற்றை எ. ஹூல்ஷ் பதிப்பித்து, 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் சேர்த்தார். சக ஆண்டு 1488இல், விசயநகர அரசர் சதாசிவராயர் ஆட்சியில், கோயிலுக்குக் கொடை அளிக்கப்பட்டதை அவை கூறுகின்றன. கொடைக்கான வேண்டுகோளோடு திருமலையின் பெயரும் வேலூர் சின்ன பொம்மு நாயக்கரின் பெயரும் வருகின்றன.

இரண்டாவது, ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்தில் காளகண்டேசுவரர் கோயிலில் உள்ள சக ஆண்டு 1504, அதாவது கி.பி. 1582ஆம் ஆண்டின் கல்வெட்டு. அவ்வூரில் பிறந்த அத்வைத அறிஞர் அப்பய்ய தீட்சிதர் அக்கோயிலைக் கட்டியதைச் சொல்லும்போது, சின்ன பொம்மர் அவருக்குப் பொன்னால் நீராட்டிச் சிறப்புச் செய்ததையும் அது குறிப்பிடுகிறது. மூன்றாவது, வேங்கடபதி தேவராயரின் விளாப்பாக்கம் செப்பேடு. சக ஆண்டு 1523ஐச் சேர்ந்த இதில், வேலூர் லிங்கர் என்பவரின் வேண்டுகோளில் கொடை தரப்படுகிறது. லிங்கரின் தந்தை பொம்மர், பாட்டன் வீரப்ப நாயக்கர் என்று தலைமுறையும் சொல்லப்படுகிறது. இவற்றோடு அப்பய்ய தீட்சிதரின் நூல்களில் வரும் புரவலர் குறிப்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நிலைச் சான்றுகளில் பழையது, ஆர்தர் காக்ஸ் 1881இல் எழுதி, எச். ஏ. ஸ்டூவர்ட் பின்னர் திருத்திய வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு. இதன் பின்னர் வந்த முக்கியமான நூல் ஹென்றி ஹேராஸ் பாதிரியார் 1927இல் வெளியிட்ட விசயநகர அரவீடு மரபு வரலாறு. இயேசு சபைத் துறவியரின் மடல்களைக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு எழுதப்பட்டதால், வேலூர் நாயக்கர்களின் இறுதிக் காலத்துக்கு இன்றும் பலர் இதைத்தான் நாடுகின்றனர்.

இந்தப் பட்டியல் கையில் இருந்தால் கட்டுரையின் பாதி மதிப்பீடு முடிந்தது போலத்தான். இவற்றில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லாமல், சுற்றுலாத் தளங்களும் பயணக் குறிப்புகளும் மட்டுமே மேற்கோளாக இருந்தால், எத்தனை அடிக்குறிப்பு எண்கள் தொங்கினாலும் அது சான்றுள்ள கட்டுரை ஆகாது.

கோட்டையைக் கட்டியது யார், எப்போது

வேலூர்க் கோட்டை பற்றிய குறிப்புகளில் இரண்டு காலங்கள் சுற்றிவருகின்றன. ஒன்று 13ஆம் நூற்றாண்டு. பத்ராசலத்திலிருந்து வந்த பொம்மி ரெட்டி என்பவர் 1274 முதல் 1283 வரை கோட்டையைக் கட்டினார் என்ற மரபுக்கதை, ஆங்கிலேயர் கால நூல்கள் வழியாகப் பரவியது. மற்றொன்று 1566. சின்ன பொம்மு நாயக்கர் அவ்வாண்டில் கோட்டையைக் கட்டினார் என்று பல தளங்கள் எழுதுகின்றன.

சில கட்டுரைகள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. "விசயநகரப் பேரரசின் கீழிருந்த சின்ன பொம்மி ரெட்டி 1274இல் கட்டத் தொடங்கினார்" என்ற வகை வரி அது. இதைக் கண்டுபிடிக்க நூலகம் தேவையில்லை. விசயநகரம் நிறுவப்பட்டதே 1336இல். தோன்றாத பேரரசின் கீழ் ஒருவர் சிற்றரசராக இருக்க முடியாது. கட்டுரையின் உள்ளேயே ஒரு வரி இன்னொரு வரியோடு மோதுகிறதா என்று பார்ப்பது, மாணவர் எவரும் செய்யக்கூடிய முதல் சோதனை. இதில் மட்டுமே பல கட்டுரைகள் தோற்றுவிடும்.

1566 என்ற ஆண்டு இன்னும் நுட்பமான சிக்கல். சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் கிடைப்பது கிறித்தவ ஆண்டு; 1488க்கு 1566. சக ஆண்டு மார்ச்சு, ஏப்பிரலில் தொடங்குவதால், அதன் கடைசி மாதங்கள் 1567இல் விழும். ஆகவே 1566–67 என்று எழுதுவதே சரி. ஆனால் அந்தக் கல்வெட்டு எதைச் சொல்கிறது? கோயிலுக்குக் கொடை அளிக்கப்பட்டதைச் சொல்கிறது. கொடை பெறக் கோயில் முன்பே இருந்திருக்க வேண்டும். கோட்டைச் சுவரை யார் எழுப்பினார், கோயிலின் கல்யாண மண்டபத்தை யார் செதுக்குவித்தார் என்பதற்கு அக்கல்வெட்டு விடையல்ல. கொடையின் ஆண்டு, எங்கோ ஓரிடத்தில் கட்டிய ஆண்டாக மாறி, பிறகு எல்லா இடத்திலும் அப்படியே நின்றுவிட்டது.

சின்ன பொம்மு நாயக்கர் கோட்டையைக் கட்டியிருக்க மாட்டார் என்று இதற்குப் பொருளல்ல. அவர் கட்டினார் என்றும், அவர் காலத்தில் வலுப்படுத்தப்பட்டது என்றும் வரலாற்றாசிரியர்கள் கருத இடமுண்டு. அவ்வாறாயின் கட்டுரை "இவர் கட்டியதாகக் கருதப்படுகிறது" என்று எழுதி, அப்படிக் கருதும் நூலைப் பக்க எண்ணோடு தர வேண்டும். "1566–67ஆம் ஆண்டுக் கல்வெட்டு இவரைக் கோயில் கொடையோடு தொடர்புபடுத்துகிறது" என்பது தனி வரி. இரண்டையும் ஒட்டி ஒரே வரியாக்குவதைத்தான் களஞ்சிய விதிகள் சொந்த ஆய்வு என்று அழைக்கின்றன.

காலத்தைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. தமிழ் ஆண்டுகள் அறுபது, சுழற்சியாக வருபவை. பழைய கல்வெட்டுகள் சக எண்ணோடு ஆண்டின் பெயரையும் தருவது வழக்கம். 2002 ஏப்பிரலில் தொடங்கியது சித்திரபானு ஆண்டு. அதிலிருந்து 420ஐ, அதாவது ஏழு சுழற்சிகளைக் கழித்தால் 1582. ஆகவே சக 1504 சித்திரபானுவாக இருக்க வேண்டும். 1986இல் தொடங்கிய அட்சய ஆண்டிலிருந்து அதே 420ஐக் கழித்தால் 1566, அதாவது சக 1488. கட்டுரையில் சக எண் ஒன்றும் ஆண்டுப் பெயர் வேறொன்றுமாக இருந்தால், எழுதியவர் எங்கோ படி எடுக்கும்போது தவறியிருக்கிறார். வீட்டு நாட்காட்டியை வைத்தே செய்துவிடக்கூடிய இச்சோதனையை ஏனோ யாரும் செய்வதில்லை.

பெயர்களில் உள்ள சிக்கல்

பொம்மு, பொம்மி, பொம்ம என்ற மூன்று வடிவங்களும் கட்டுரைகளில் வருகின்றன. கல்வெட்டில் சின்ன பொம்மு நாயக்கர், சமற்கிருத நூல்களில் சின்ன பொம்மர், ஆங்கிலேயர் எழுத்துகளில் பொம்மி. கட்டுரை ஒரு வடிவத்தைத் தலைப்பாக வைத்து, மற்றவற்றை முதல் வரியில் சொல்லிவிட்டால் போதும். பத்தி தோறும் பெயர் மாறினால், மூன்று பேரைப் பற்றிப் படிப்பதாக வாசகர் எண்ணிவிடுவார். ஆங்கிலத்திலிருந்து இயந்திரத்தின் உதவியால் மொழிபெயர்த்த கட்டுரைகளில் இக்குறை மிகுதி. சின்ன என்பதை அடைமொழி என்று எண்ணி "சிறிய பொம்மி" என்று மாற்றிவிடும் விபத்தும் நடக்கும்.

கோயிலின் பெயரும் இப்படித்தான். இன்று அது சலகண்டேசுவரர் கோயில். நீர் சூழ்ந்த கோட்டைக்குள் இருப்பதால் அப்பெயர் என்று விளக்கம் சொல்லப்படுகிறது. ஹூல்ஷ் பதிப்பித்த கல்வெட்டுகளில் இறைவன் பெயர் ஜ்வரகண்டேசுவரர், அதாவது சுரத்தை அழிப்பவர். காய்ச்சல் தீர்க்கும் கடவுளாக இருந்தவர் பேச்சுவழக்கில் நீருக்குரியவராகியிருக்கிறார். நல்ல கட்டுரை இரண்டு பெயர்களையும் சொல்லி, எது எந்தக் காலத்தது என்று பிரித்துக் காட்டும். சலகண்டம் என்பதற்கான கதையை மட்டும் எழுதிவிட்டுக் கல்வெட்டுப் பெயரை விட்டுவிடும் கட்டுரை, படிக்க இனிமையாக இருந்தாலும் குறையுடையது.

பொன் நீராட்டு

சின்ன பொம்மரின் வாழ்க்கையில் மிகவும் அறியப்பட்ட நிகழ்வு அப்பய்ய தீட்சிதருக்குச் செய்த கனகாபிசேகம். ஸ்ரீகண்டரின் பாடியத்துக்குத் தீட்சிதர் எழுதிய சிவார்க்கமணி தீபிகை என்ற உரையின் பொருட்டு இச்சிறப்பு நடந்ததாக அடையபலம் கல்வெட்டு கூறுகிறது. அறிஞர் ஐந்நூறு பேருக்குப் பாடம் நடந்ததையும் அது பேசுகிறது.

இங்கே மதிப்பிடுபவர் கவனிக்க வேண்டியவை பல. கல்வெட்டின் ஆண்டு 1582. ஆனால் அது கோயில் எழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு. பொன் நீராட்டு அதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். "1582இல் கனகாபிசேகம் செய்தார்" என்று கட்டுரை எழுதினால், கொடை ஆண்டைக் கட்டிய ஆண்டாக்கிய அதே தவறு மறுபடி நடக்கிறது. அடுத்து, அக்கல்வெட்டு தீட்சிதரின் புகழைச் சொல்வதற்காகவே வெட்டப்பட்டது. அது பொய் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஐந்நூறு போன்ற எண்களைக் "கல்வெட்டு கூறுகிறது" என்று சான்றின் வாயில் வைத்துச் சொல்வதே முறை. களஞ்சியம் தன் சொந்தக் குரலில் அவற்றைச் சொல்லும்போது, புகழுரை வரலாறாகிவிடுகிறது.

தீட்சிதரின் காலமும் கருத்து வேறுபாட்டுக்கு உட்பட்டது. அவர் 1554 முதல் 1626 வரை வாழ்ந்தார் என்று முன்பு பலர் எழுதினர். 1520 முதல் 1593 வரை என்பது பின்னர் பரவலாக ஏற்கப்பட்டது. முதல் கணக்கைக் கொண்டால், 1582இல் அவருக்கு வயது 28. அதற்குள் பல பெரிய நூல்களை எழுதி, கோயிலும் கட்டி, பொன்னும் பெற்றிருக்க வேண்டும். நடக்காதது என்று சொல்ல முடியாது என்றாலும், இரண்டாவது கணக்குப் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் தோன்றுவதை எழுதக் கட்டுரையாளருக்கு உரிமையில்லை; இந்த வாதத்தை ஏற்கெனவே அச்சில் வைத்த ஆய்வாளரைச் சுட்ட வேண்டும். சின்ன பொம்மு நாயக்கர் கட்டுரையில் ஒரு கணக்கும், தீட்சிதர் கட்டுரையில் மற்றொரு கணக்குமாக ஒரே களஞ்சியத்துக்குள் இருப்பதும் உண்டு. இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்க்காமல் இது தெரியாது.

தகவற்சட்டத்தில் வெற்றிடம்

கட்டுரையின் வலப்பக்கத்தில் தகவற்சட்டம் என்ற பெட்டி இருக்கும். பிறந்த நாள், பிறந்த இடம், இறந்த நாள், துணைவர், முடிசூடிய நாள் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். பெட்டி கேட்கிறதே என்று நிரப்புவதால் விளையும் பிழைகள் மிகப் பல.

இங்கிலாந்தின் பிரபுக்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றிருந்த ஒருவர் இறந்தால், அரசு அலுவலர் விசாரணை நடத்தி, இறந்த நாள், அவர் வைத்திருந்த நிலங்கள், வாரிசின் பெயர், வாரிசின் வயது ஆகியவற்றைப் பதிவு செய்தனர். 13ஆம் நூற்றாண்டு முதலான இப்பதிவுகள் இன்றும் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒருவர் இறப்பு நாளும் அவர் மகனின் தோராயமான பிறந்த ஆண்டும் இதனால் கிடைத்துவிடுகின்றன. இதற்கு மேல் 1885இல் வெளிவரத் தொடங்கிய தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியும், அதன் வழிவந்த 2004ஆம் ஆண்டு ஆக்சுபோர்டு பதிப்பின் 60 தொகுதிகளும் உள்ளன. அப்படியிருந்தும், 1265இல் ஈவ்ஷாம் போரில் கொல்லப்பட்ட சைமன் டி மான்ட்ஃபோர்ட்டின் பிறந்த ஆண்டுக்கு முன்னால் இன்றும் "ஏறத்தாழ" என்ற சொல்தான் நிற்கிறது.

வேலூரில் அத்தகைய விசாரணைப் பதிவு எதுவுமில்லை. சின்ன பொம்மு நாயக்கர் 1566–67இல் கல்வெட்டில் இருக்கிறார். 1601இல் எழுந்த செப்பேட்டில் வேலூரின் பெயரால் பேசுபவர் மகன் லிங்கர். இந்த இரண்டு எல்லைகளுக்குள் தந்தையின் ஆட்சி எங்கோ முடிந்திருக்கிறது. பெட்டியில் துல்லியமான பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் நிரப்பப்பட்டிருந்தால், மதிப்பிடுபவர் கேட்க வேண்டியது ஒன்றே: எந்த நூல், எந்தப் பக்கம்? விடை இல்லையெனில் அந்தக் கட்டங்களை அழித்துவிடலாம். வெற்றிடம் பிழையாகாது. "குறிப்பிடப்படும் காலம்: 1566–67" என்ற ஒரு வரி, நிரம்பிய பொய்ப் பெட்டியை விட வாசகருக்கு உதவும்.

ஓவியமும் அப்படியே. சமகாலத்தில் வரையப்பட்ட உருவம் என்று உறுதிப்படாத படத்தை இவர் படம் என்று இடுவதை விட, கல்யாண மண்டபத்துத் தூண் ஒன்றின் ஒளிப்படம் பொருத்தமானது.

சுற்றிவரும் மேற்கோள்

வேலூர்க் கோட்டை அகழியில் ஒருகாலத்தில் பத்தாயிரம் முதலைகள் இருந்தன என்பது இணையத்தில் அடிக்கடி காணப்படும் செய்தி. கோட்டையின் பரப்பு 133 ஏக்கர் என்பதும் அதே கட்டுரைகளில் இருக்கும். பத்தாயிரம் முதலைகளுக்கு அங்கே யார் இரை போட்டார், யார் எண்ணினார் என்று கேட்கத் தோன்ற வேண்டும். இத்தகைய எண் ஒன்று களஞ்சியத்தில் சான்றின்றி நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். செய்தியாளர் ஒருவர் அதைப் பார்த்துச் சுற்றுலாக் கட்டுரையில் எழுதுகிறார். சில ஆண்டுகள் கழித்து, "சான்று தேவை" என்ற குறிச்சொல்லைப் பார்த்த நல்லெண்ணப் பயனர் ஒருவர், அச்செய்தித்தாளையே மேற்கோளாக இணைக்கிறார். இனி அந்த வரி அசையாது. தன் வாலைத் தானே பிடித்துக்கொண்ட பாம்பு போல அது நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்கத் தொகுப்பு வரலாறு உதவும். ஒரு வரி எந்த நாளில் கட்டுரைக்குள் வந்தது, மேற்கோள் காட்டப்படும் செய்தி எந்த நாளில் வெளிவந்தது என்று ஒப்பிட்டால் போதும். வரி முந்தியது, செய்தி பிந்தியது என்றால் ஐயப்பட வேண்டும். கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கப்பாதை செல்கிறது என்ற கதைக்கும் இதே சோதனை பொருந்தும். கதையை நீக்க வேண்டியதில்லை. "மக்களிடையே வழங்கும் கதை" என்ற தலைப்பின் கீழ், அதைப் பதிவு செய்த நூலைச் சுட்டி வைக்கலாம். வரலாறு என்ற தலைப்பின் கீழ் வைக்கும்போதுதான் தவறாகிறது.

விரிஞ்சிபுரத்தைப் பற்றி எழுத, சுரங்கத்தை விட மேலான செய்தி அவ்வூர்க் கோபுரச் சுவரிலேயே இருக்கிறது. இரண்டாம் தேவராயர் காலத்தில், 1425இல், படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள் கூடி, பெண்ணைப் பொன் வாங்காமல் கன்னிகாதானமாகவே மணம் செய்து கொடுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்ட உடன்படிக்கை அது. கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாடர் எனப் பல மொழியினரும் அதில் சேர்ந்துள்ளனர். வேலூர் வட்டாரத்தின் சமூக வரலாற்றுக்கு இத்தகைய சான்று கிடைப்பது அரிது. சுரங்கப்பாதைக்கு மூன்று பத்தியும் இதற்கு ஒரு வரியும் தரும் கட்டுரையில் அளவு தவறியிருக்கிறது.

உள்ளூர் அறிவும் களஞ்சிய விதியும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் கல்லூரிகளில் படிக்கும் மாணவர் பலர் தங்கள் ஊர்ப் பக்கங்களைத் திருத்துவதிலிருந்தே களஞ்சியப் பணியைத் தொடங்குகின்றனர். தோல் பதனிடும் தொழில் அவர்கள் வீட்டு வாசலில் உள்ளது. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்குவது, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்தும் பழைய முறை, பின்னர் வந்த குரோமிய முறை ஆகியவற்றை, நூலில் படிக்காமலே சொல்லக்கூடியவர் அங்கே உண்டு. அந்த அறிவு உண்மையானது. ஆனால் களஞ்சியம் அதை அச்சிட்ட சான்றோடுதான் கேட்கும். இது பல புதியவர்களைப் புண்படுத்துகிறது. "என் தாத்தா தொழிற்கூடத்தில் நாற்பது ஆண்டு வேலை பார்த்தவர், அவரை விட யாருக்குத் தெரியும்" என்ற வாதத்துக்குச் சரியான மறுமொழி, அவர் சொல்வது தவறு என்பதன்று. நாளை வேறொருவர் தன் தாத்தாவின் பெயரால் நேர்மாறாக எழுதினால், வாசகர் இருவரில் யாரை நம்புவது என்பதே.

சின்ன பொம்மு நாயக்கர் கட்டுரைக்கும் இதற்கும் தொடர்புண்டு. ஊர்ப்பற்றுள்ள திருத்துநர் ஒருவர், வேலூர் வட்டாரத் தோல் தொழில் நாயக்கர் காலத்திலேயே செழித்தது என்று ஒரு வரி சேர்க்கலாம். தோல் வேலை எல்லாக் காலத்திலும் இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் இன்று ஆம்பூரையும் வாணியம்பாடியையும் அடையாளப்படுத்தும் ஏற்றுமதித் தொழில் 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுக வணிகத்தோடு வளர்ந்தது. மேலே எண்ணிய கல்வெட்டுகளும் செப்பேடும் கோயில் கொடை, நிலக்கொடை, புலமைச் சிறப்பு பற்றியவை. அவற்றைக் காட்டி அந்த வரியைத் தாங்க முடியாது. நூலாதாரம் வரும்வரை நீக்கி வைப்பதே தகும். மாறாக, பாலாற்று மாசு பற்றிய கட்டுரைக்கு 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வழங்கிய தீர்ப்பே கையில் இருக்கிறது. ஒரே ஊரைப் பற்றிய இரண்டு கட்டுரைகளுக்குச் சான்றின் செழிப்பு இவ்வளவு வேறுபடலாம். அதை மனத்தில் கொள்ளாமல் இரண்டுக்கும் ஒரே நீளத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சின்ன பொம்மு நாயக்கரைப் பற்றிய நேர்மையான கட்டுரை சிறியதாகத்தான் இருக்கும்.

நிருவாக எல்லைகளும் பழசாகும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. அடையபலம் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. பழைய நூலில் எல்லாமே வட ஆர்க்காடு. கட்டுரையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இன்றைய மாவட்டம் உள்ளதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மரபும் சாதியும்

சிற்றரசர் கட்டுரைகளில் திருத்தப் போர் மூளும் இடம் பெரும்பாலும் இதுவே. மரபுக்கதையில் பொம்மி ரெட்டி, கல்வெட்டில் பொம்மு நாயக்கர். நாயக்கர் என்பது விசயநகர ஆட்சியில் படை, நிலப் பொறுப்புடைய தலைவர்களுக்கு வழங்கிய பட்டம். இன்றைய சாதிப் பெயராக அதை அப்படியே படிக்க இயலாது. இன்றைய சமூகம் ஒன்றோடு இவரை இணைக்கும் வரி கட்டுரையில் இருந்தால், அதற்கு வரலாற்றாய்வு நூலின் சான்று வேண்டும். சங்க மலரும் விழா மேடைப் பேச்சும் போதா. சான்று இல்லாதபோது, கல்வெட்டு என்ன பட்டத்தைச் சொல்கிறதோ அதோடு நிறுத்திக்கொள்ளலாம். நாளுக்கொரு முறை இவ்வரி மாறிக்கொண்டிருக்கும் கட்டுரைக்கு, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், நிலைத்தன்மை இல்லை என்றே குறிக்க வேண்டியிருக்கும்.

குறிப்பு எழுதுதல்

மதிப்பீட்டின் முடிவு கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் எழுதப்படும். "கட்டுரை நன்று, மேம்படுத்தவும்" என்பது குறிப்பே அன்று. எந்தப் பத்தி, எந்த வரி, என்ன சிக்கல், எந்தச் சான்றால் தீரும் என்று எழுத வேண்டும். கடுஞ்சொல் கூடாது, எழுதியவர் பெரும்பாலும் முதலாண்டு மாணவராகவோ ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ இருப்பார். சிறு எழுத்துப் பிழைகளை மதிப்பிடுபவரே திருத்திவிடலாம். ஆனால் காலம், பெயர், உறவு ஆகியவற்றில் கைவைக்கும் முன் எழுதியவருக்கு விடையளிக்க நாள் கொடுப்பது நல்ல மரபு. சில வேளைகளில் அவரிடம் நூல் இருக்கும், பக்க எண் மட்டும் விடுபட்டிருக்கும்.

இச்சோதனைகளுக்குப் பின் சின்ன பொம்மு நாயக்கர் கட்டுரையின் முகப்புப் பத்தி ஏறத்தாழ இவ்வாறு அமையும்: "சின்ன பொம்மு நாயக்கர், 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் விசயநகரப் பேரரசின் கீழ் வேலூரை ஆண்ட தலைவர். தலைக்கோட்டைப் போருக்கு அடுத்த ஆண்டான 1566–67இல், சதாசிவராயர் ஆட்சியில் வேலூர் ஜ்வரகண்டேசுவரர் கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடைகளைக் கூறும் கல்வெட்டுகளில் இவர் பெயர் வருகிறது. அப்பய்ய தீட்சிதருக்கு இவர் பொன் நீராட்டுச் செய்ததாக 1582ஆம் ஆண்டு அடையபலம் கல்வெட்டு கூறுகிறது. விளாப்பாக்கம் செப்பேட்டின்படி இவர் தந்தை வீரப்ப நாயக்கர், மகன் லிங்கர். வேலூர்க் கோட்டையைக் கட்டியவர் என இவர் பரவலாக அறியப்படுகிறார். 13ஆம் நூற்றாண்டில் பொம்மி ரெட்டி கட்டியதாக வேறொரு மரபுக்கதையும் உண்டு."